நாற்பது எழுத்து

"இங்க யாருமில்ல" என்று எதிர்முனையில் ஒரு குரல் சொன்னதும், அவள் பேனாவைத் திறந்து பதிவேட்டின் முதல் கட்டத்தில் எஃப் என்ற எழுத்தை எழுதினாள். எழுதிவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் பேனாமுனையை நகர்த்திக் காத்திருந்தாள். ஃபோனுக்குள் மேசையோ பீரோவோ தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. "அம்மா, கேக்குதா? எல்லாரும் புது பில்டிங்குக்குப் போயிட்டாங்க. நாங்க சாமான் ஏத்த வந்தவங்க" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் வைத்துவிட்டான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் எழுத்து எதையும் படிக்கவில்லை. யாருமில்லை என்றால் யாருமில்லை என்றுதான் அர்த்தம். அதைப் போய் எஃப் என்று எழுதுகிற பைத்தியம் உலகத்தில் தான் ஒருத்தி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டாள். பதிவேட்டில் எழுதியதை அழித்துத் திருத்தக் கூடாது என்பது விதி. எழுத்தின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் 'தவறாக எழுதப்பட்டது' என்று குறித்து, சின்னதாகக் கையெழுத்துப் போட்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று நாற்பது.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பதினொரு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வேலையைப் பார்த்தவளுக்குத்தான் இந்தத் தப்பு வரும், வேறு யாருக்கும் வராது. அவள் இருந்தது ஒரு சின்ன வங்கியின் இரண்டாவது மாடியில், ஜன்னல் திறக்காத ஒரு அறை. ஆஸ்பத்திரி, பஸ் டிப்போ, இரண்டு மூன்று தொழிற்சாலைகள், இவற்றில் வேலை பார்ப்பவர்களின் சம்பள விவரம் அங்கேதான் வந்து சேரும். அதை ஒரே கோப்பாகத் தொகுத்து, பூட்டி, பெரிய வங்கிக்கு அனுப்ப வேண்டும். பெரிய வங்கி அதைத் திறந்து பார்த்து அவரவர் கணக்கில் போட்டுவிடும். பூட்டுகிற சாவியைப் பெரிய வங்கிதான் கொடுக்கும். சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை, கம்ப்யூட்டருக்கு மட்டும் புரிகிற ஒரு பக்கம் நீள எழுத்துக் குவியல். அந்தச் சாவியால் பூட்டியதை அவர்களால் மட்டும்தான் திறக்க முடியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சாவி மாறும். அப்போது நடுவில் எவனாவது புகுந்து தன் சாவியை அவர்களுடைய சாவி என்று சொல்லி அனுப்பிவிட்டால் தீர்ந்தது கதை. ஆயிரத்துச் சொச்சம் பேருடைய கணக்கு எண்ணும் சம்பளமும் அவன் மடியில் விழும், அவன் மனம்போல மாற்றி அனுப்பலாம். அதனால் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கைரேகை உண்டு, ஏயிலிருந்து எஃப் வரை ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு அடையாளம். நாற்பது எழுத்து. புதுச் சாவி வந்தால், பதிவேட்டில் ஏற்கனவே எழுதி வைத்திருக்கும் பழைய நம்பருக்கு ஃபோன் போட்டு, அந்தப் பக்கத்து ஆள் நாற்பது எழுத்தையும் வாய்விட்டுப் படிக்க, இந்தப் பக்கத்து ஆள் கட்டம் கட்டமாக எழுதிச் சரிபார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் அவள் விட்டுக்கொடுத்ததே கிடையாது. ஆபீசில் அவளுக்குப் பேரே 'கைரேகை' என்று ஆகிவிட்டது.

அந்தப் பக்கத்தில் பதினொரு வருடமாக இருந்தவரை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. 'எதிர்க்கரை' என்று கூப்பிடுவாள், அவரும் அதற்குச் சிரித்தபடி பதில் சொல்வார். ஃபோனில் பி, சி, டி, இ எல்லாம் ஒரே மாதிரி கேட்கும். முதல் தடவை மூன்று எழுத்து தப்பாகி, ஒரு மணி நேரம் இருவரும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். பிறகு எதிர்க்கரைதான் வழி சொன்னார். ஏ என்றால் அத்தை, பி என்றால் பெரியப்பா, சிக்குச் சித்தி, இக்கு எதிர்வீடு. டியில் தொடங்கும் உறவைத் தேடிக் களைத்துப் போய்த் தம்பியைப் போட்டார்கள். எஃப்தான் மிச்சம். "எஃப்ல ஆரம்பிக்கிற சொந்தம் நமக்கு யாருமில்லையே" என்றார் அவர். அப்படியானால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்றாள் அவள். அன்றிலிருந்து எஃப் என்றால் யாருமில்லை. இப்போதைய மேனேஜர் ஆறு மாதம் முன்பு வந்து சேர்ந்த புதிதில், வேறொரு வங்கியின் சாவிக்காக அவள் "ரெண்டு சித்தி, ஒரு தம்பி, ஏழு, யாருமில்ல, பெரியப்பா" என்று சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டிருந்ததைக் கதவருகே நின்று கேட்டிருக்கிறார். அலுவலக நேரத்தில் குடும்ப விவகாரம் பேசக் கூடாது என்று மறுநாளே ஒரு சுற்றறிக்கை ஒட்டினார். அது இன்னும் அறிவிப்புப் பலகையில்தான் இருக்கிறது.

அன்றைக்குக் காலையில் பெரிய வங்கியிலிருந்து புதுச் சாவி வந்திருந்தது. கூடவே ஒரு கடிதம். தாங்கள் புதுக் கட்டிடத்துக்கு மாறிவிட்டதாகவும், இன்று முதல் பழைய சாவி செல்லாது என்றும், சந்தேகம் இருந்தால் கீழ்க்கண்ட புது எண்ணில் அழைக்கலாம் என்றும் போட்டிருந்தது. கைரேகையும் அதிலேயே அச்சடித்திருந்தது. பழைய நம்பரில் சாமான் ஏற்றுகிறவன் பேசுகிறான். எதிர்க்கரை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அன்று போக வேண்டியது ஆஸ்பத்திரிக் கோப்பு, ஆயிரத்து நானூறு பேர். மூன்று மணிக்குள் போனால் இன்றே சம்பளம். மூன்று மணியைத் தாண்டினால் பெரிய வங்கி கதவை அடைத்துவிடும், பிறகு நாளைக்குத்தான்.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டார். இதில் என்ன கஷ்டம் என்று அவருக்குப் புரியவில்லை. கடிதத்திலேயே நம்பர் இருக்கிறதே என்று தானே ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அடித்தார். ஒரு பெண் குரல் எடுத்தது, சின்ன வயதுக் குரல். கேட்டவுடன் நாற்பது எழுத்தையும் தங்குதடையில்லாமல் படித்தது. மேனேஜர் கடிதத்தில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். நாற்பதும் பொருந்தின. ஃபோனை வைத்துவிட்டு, போதுமா என்பது போல அவளைப் பார்த்தார்.

"சார், லெட்டர் எழுதினவங்களே லெட்டரைப் படிச்சுக் காட்டறாங்க. இதுல சாட்சி எங்க இருக்கு?" என்றாள் அவள்.

மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆயிரத்து நானூறு குடும்பம் என்றார். அவளுக்கா தெரியாது. அவளுடைய நாத்தனாரே அந்த ஆஸ்பத்திரியில்தான் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறாள், இன்று சம்பளம் வருமென்று நம்பி வீட்டுச் சொந்தக்காரரிடம் வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறாள். அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயப்படுகிறோம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டிவிட முடியுமா? ஒப்பந்தக் கோப்பைத் தேடி எடுத்தாள். அதில் பெரிய வங்கியின் தலைமை அலுவலக நம்பர் இருந்தது, பத்து வருடத்துக்கு முன் அச்சிட்டது, எந்தக் கடிதத்தோடும் சேர்ந்து வராதது. அடித்தாள். பாட்டுப் போட்டார்கள். நாலு பேரிடம் மாற்றிவிட்டார்கள். சாவியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று சொன்னதும் ஒருவர், பூட்டு ரிப்பேரென்றால் பராமரிப்புப் பிரிவைக் கேளுங்கள் என்று அங்கே தள்ளிவிட்டார். பராமரிப்புப் பிரிவில் இருந்தவர் நல்ல மனுஷர், எந்தக் கதவு என்று அக்கறையாக விசாரித்தார். கடைசியில் விஷயம் புரிந்த ஒருவர் கிடைத்தபோது மணி இரண்டு ஐம்பது. சாவிப் பிரிவு இடம் மாறிக்கொண்டிருக்கிறது, எங்கள் இணைப்பு இன்னும் அங்கே போகவில்லை, நாளைக் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் அந்தப் பிரிவுக்கே இணைப்புக் கொடுக்கிறேன் என்றார்.

கோப்பைப் பூட்டினால் மட்டும் போதாது. அது இந்த வங்கியிலிருந்துதான் போகிறது என்று இவர்களுடைய சாவியாலும் முத்திரை விழ வேண்டும். அதற்கான பாஸ்வேர்ட் இரண்டு துண்டு. ஒரு துண்டு அவளிடம், இன்னொன்று பக்கத்து மேசைக்காரனிடம். அவனை எல்லோரும் 'பாதி' என்று கூப்பிடுவார்கள். பாதியே இவ்வளவு என்றால் முழுசு எவ்வளவோ என்று அவன் உடம்பை வைத்து ஒரு கிண்டலும் உண்டு, அவனும் தொந்தியைத் தட்டிச் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை. தன் துண்டை அடித்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து, சுவரோரமாய்ப் போய் நின்றான். திரையில் அடுத்த பெட்டி அவளுக்காகத் திறந்திருந்தது. மேனேஜர் ஒரு வெள்ளைத்தாளை அவள் முன்னால் வைத்தார். நீங்கள் அடிக்க வேண்டாம், உங்கள் பாதியை இதில் எழுதிக் கொடுங்கள், பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சல் மாதிரிகூட இருந்தது.

"எழுதித் தந்தா அப்புறம் அது பாதி இல்ல சார், முழுசு."

தாளை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று மணிக்குத் திரையில் ஒரு சிவப்புப் பட்டை வந்து, இன்றைய நேரம் முடிந்தது என்று சொன்னது. மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போடத் தன் அறைக்குப் போனார்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை, வாசற்படியிலேயே செருப்போடு நின்றாள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் வங்கியைக் கரித்துக் கொட்டுகிறார்கள் என்றாள். யாரோ ஒரு பொம்பளை வேண்டுமென்றே நிறுத்திவிட்டாளாம் என்று கணக்குப் பிரிவிலிருந்து செய்தி பரவிவிட்டது. அது யாரென்று தெரிந்தால் தன்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள், அதனால் வாயையே திறக்கவில்லை என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அண்ணியிடம் அவளுக்குக் கோபம் வந்து பழக்கமில்லை, எப்படிக் கோபப்படுவது என்று தெரியாமல் தடுமாறினாள்.

"நாளைக்காவது வந்துடுமா அண்ணி?"

"அது நெஜமான சாவியா இருந்தா வந்துடும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா, அனுப்பியிருந்தா இன்னிக்கே போயிருக்கும், ஒரேயடியா."

நாத்தனாருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அண்ணன் கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பத்து மணிக்குத் தலைமை அலுவலகம் இணைப்புக் கொடுத்தது. எடுத்தது அதே பெண். குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்தது. எதிர்க்கரை கடன் பிரிவுக்கு மாற்றலாகிவிட்டார், இனித் தான்தான் இந்த வேலைக்கு என்று உர்ரென்று சொன்னாள். நாற்பது எழுத்தையும் மறுபடி படித்தாள். அத்தையும் இல்லை, சித்தியும் இல்லை, வெறும் எழுத்து. இந்தப் பக்கத்தில் இவள் ஒவ்வொன்றாக எழுதி, இரண்டு முறை திருப்பிக் கேட்டாள். நாற்பதும் சரியாக இருந்தன. சாவி உண்மையான சாவிதான். கடிதமும் உண்மைதான். அந்தப் பெண்ணும் உண்மையான பெண்தான்.

"நேத்தே இதைத்தானே படிச்சேன். ஏன் என்னை நம்பல?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"உன்னை நம்பாம இல்லம்மா. நீ யாருன்னே எனக்குத் தெரியாதே."

அந்தப் பெண் படபடவென்று, அப்படியானால் நானும் உங்கள் பேரையும் உங்கள் நம்பரையும் எழுதி வைத்துக்கொள்கிறேன், உங்கள் பக்கத்திலிருந்து ஏதாவது வந்தால் நானும் இப்படித்தான் கேட்பேன் என்றாள். சண்டைக்காரிதான். கைரேகை தன் பேரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள், நம்பரையும் இரண்டு தடவை சொன்னாள். பத்து நாற்பதுக்குக் கோப்பு போயிற்று. மத்தியானத்துக்குள் ஆயிரத்து நானூறு பேருக்கும் சம்பளம் ஏறிவிட்டது.

திருட்டுச் சாவியாக இருந்திருந்தால் அவளுக்கு மாலை போட்டிருப்பார்கள். மேனேஜரே பொன்னாடை வாங்கி வந்திருப்பார், படம் எடுத்துத் தங்கள் வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பார். நல்ல சாவியாகப் போய்விட்டது, அதுதான் குற்றம். ஒரு நிமிடம் அவளுக்கே, அது திருட்டாக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. தோன்றிய உடனே வெட்கமாகவும் இருந்தது. வீடு பற்றி எரியவில்லையே என்று காவல்காரன் வருத்தப்படுவானா? ஆனாலும் அடுத்த ஒரு வாரம் அந்த அறையில் அவளோடு யாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை. பாதி மட்டும் ஒருநாள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து, தன்னிடம் எழுதி வாங்கிவிட்டார்கள் என்றான். 'நான் என் பகுதியைச் சரியான நேரத்தில் அடித்துவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தானாம். பொய் ஒன்றும் இல்லையே என்றான். இல்லைதான் என்றாள் அவள்.

தங்கள் வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஓர் அம்மாள் வந்தார். மென்மையான பேச்சு. வந்ததும் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு இழுத்த எஃப்பில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். அத்தை, சித்தி, சாமான் ஏற்றியவன், யாருமில்லை, எல்லாமே. அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நன்றாகவே சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அம்மாள் பையிலிருந்து தட்டச்சுச் செய்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். அதில் இருந்தது இதுதான்: கைரேகையின் முதல் எழுத்து ஏழு. நான் எழுதியது எஃப். தொலைபேசியில் தவறாகக் கேட்டுத் தவறாக எழுதியதால், சாவி பொருந்தவில்லை என்று தவறாகக் கருதிக் கோப்பை நிறுத்திவிட்டேன், வருந்துகிறேன். கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. மனிதர்களுக்கு வருகிற தப்புதானே என்றார் அம்மாள். கையெழுத்துப் போட்டால் ஓர் எச்சரிக்கையோடு முடிந்துவிடும், நாற்காலி அப்படியே இருக்கும். போடாவிட்டால் மேலதிகாரியின் உத்தரவை மீறியதாக எழுத வேண்டி வரும். இந்த மேசையிலிருந்து எடுத்து நகரத்தின் மறு கோடியில் இருக்கும் கிளையில் கவுன்டரில் உட்கார வைப்பார்கள், வருகிற வருடச் சம்பள உயர்வும் போகும். இரண்டு நாள் யோசித்துச் சொல்லுங்கள் என்று அவளை அனுப்பினார்.

இரண்டு நாளும் வீட்டில் இதே பேச்சு. ஒரு கையெழுத்துதானே என்றான் கணவன். தினமும் இரண்டு பஸ் மாறிப் போகப் போகிறாயா, முட்டிவலியோடு பஸ்ஸில் நிற்கப் போகிறாயா என்று அவன் கேட்டதெல்லாம் நியாயம்தான். அவளும் அதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. அந்த நாற்காலியை அவளுக்குப் பிடிக்கும். அந்த வேலையை அவள் நன்றாகச் செய்கிறாள், அதைவிட நன்றாகச் செய்ய அவளுக்குத் தெரிந்த வேலை வேறு எதுவும் இல்லை. ராத்திரி படுத்தால் அந்தக் கடிதம்தான் கண்ணுக்குள் ஓடியது. தவறாகக் கேட்டு, தவறாக எழுதி, தவறாகக் கருதி. மூன்று தவறு. அவள் செய்தது ஒன்று. மிச்சம் இரண்டையும் அவள் தலையில் கட்டுகிறார்கள். நாளைக்கு இந்த மேசைக்கு வருகிறவள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் என்ன தெரிந்துகொள்வாள்? நிறுத்தினால் அது காது மந்தம் என்று தெரிந்துகொள்வாள். கடிதத்தில் வந்த நம்பரையே கூப்பிட்டு, கடிதத்தில் இருக்கும் எழுத்தையே கேட்டு, நிம்மதியாகப் பூட்டி அனுப்பிவிடுவாள். நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மூன்றாம் நாள் அந்த அம்மாள் முன்னால் போய் நின்றாள். கடிதத்தில் கையெழுத்து இல்லை. பதிலாகத் தன் கையால் எழுதிய ஒரு தாளை வைத்தாள். ஐந்து வரிதான். 'யாருமில்லை என்று சொன்னார்கள். எஃப் என்று எழுதினேன். அது என் தவறு. சாவி யாருடையது என்று தெரியாததால் கோப்பை நிறுத்தினேன். அது என் வேலை.' அம்மாள் அதை இரண்டு முறை படித்தார். உங்கள் நல்லதுக்குத்தானே சொன்னேன் என்றார், உண்மையாகவே வருத்தத்தோடு.

"தப்பு என்னுது மேடம், ஒத்துக்கறேன். நிறுத்தினது தப்பு இல்ல. நாளைக்கு இதே மாதிரி வந்தாலும் நிறுத்துவேன்."

பிறகு தாளின் நகல் ஒன்றை நீட்டி, பெற்றுக்கொண்டதாக அதில் கையெழுத்தும் தேதியும் கேட்டாள். அம்மாள் பேனாவைத் தேடினார். அவளே தன் பேனாவைக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. திங்களிலிருந்து மறு கோடிக் கிளை. பாஸ்வேர்டில் அவளுடைய துண்டு இனி மேனேஜரிடம். பாஸ்வேர்ட் வைத்திருப்பவர் மாறினால் இந்த வங்கியின் முத்திரைச் சாவியே மாற வேண்டும் என்பது விதி. மேனேஜரும் பாதியும் காலையிலேயே உட்கார்ந்து புதுச் சாவி செய்து, அவசரம் என்று ஒரு கடிதத்தோடு பெரிய வங்கிக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று போக வேண்டியது பஸ் டிப்போவின் சம்பளக் கோப்பு. அவள் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஓர் அட்டைப்பெட்டி, அதில் ஒரு சால்வை, தண்ணீர் பாட்டில், தைலம், நாலைந்து பேனா, குதிகால் தேய்ந்த ஒரு ஜோடி செருப்பு. பதினொரு வருடத்துக்கு இவ்வளவுதானா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மேசை ஃபோன் அடித்தது. மணி இரண்டு நாற்பது.

மேனேஜர் எடுத்தார். இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டே இருந்தார், காது மட்டும் சிவந்துகொண்டு வந்தது. நானே மேனேஜர்தான் பேசுகிறேன், நானே படிக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். பிறகு மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்பீக்கரை அமுக்கினார். பெரிய வங்கியின் அந்தப் பெண்ணின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"நீங்க மேனேஜர்னு எனக்கு எப்படி சார் தெரியும்? எங்க ரெஜிஸ்டர்ல இந்த நம்பருக்கு ஒரே ஒரு பேருதான் இருக்கு. அவங்க படிக்கட்டும், நான் சாவியை ஏத்தறேன்."

அவர் ஏதோ சொல்லிப் பார்த்தார். மாற்றல் என்றார், நிர்வாக முடிவு என்றார். அதை எழுத்தில் அனுப்புங்கள், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றது குரல். திங்கட்கிழமை என்றால் டிப்போக்காரர்களுக்கு மூன்று நாள் தள்ளிப் போகும். பாதி கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அறையில் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். மேனேஜர் கைரேகை அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் வந்தார். அவர் எதையும் கேட்கவில்லை, தாளை மட்டும் நீட்டினார்.

அவள் தாளை வாங்கவில்லை. அட்டைப்பெட்டி கையில் இருந்தது. எனக்கும் இந்த மேசைக்கும் இனி என்ன சார் சம்பந்தம் என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் இனித்திருக்கும். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பட்டறைக்காரர்கள், தொள்ளாயிரம் பேர். அவள் அதை விழுங்கினாள். ஆனால் யாரோ செய்து யாரோ அச்சடித்துக் கொடுத்த தாளைப் பார்த்துக் கிளிப்பிள்ளை மாதிரிப் படிக்கவும் அவளால் முடியாது.

"பேப்பர் வேண்டாம் சார். மெஷினைத் திறங்க. சாவியை நான் பாக்கணும்."

"மணி ரெண்டு அம்பது ஆச்சு" என்றார் மேனேஜர்.

"தெரியும் சார்."

பாதி ஓடிப்போய் மெஷினைத் திறந்தான். திரையில் நாற்பது எழுத்தும் நாலு நாலாகப் பிரிந்து வந்து நின்றன. பெட்டியை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். மேசையில் இடமில்லை. மேனேஜர் கையில் கொடுத்தாள், அவரும் வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கரைப் பார்த்து, "இரும்மா, நான் இன்னும் பாக்கவே இல்ல" என்றாள்.

"பாருங்க. நான் இருக்கேன்" என்றாள் அந்தப் பெண்.

அவள் குனிந்து, திரையில் முதல் எழுத்துக்குக் கீழே விரலை வைத்தாள். மேனேஜர் பழைய செருப்பும் தைலமும் கிடந்த அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்க்காமல், அவள் விரலையே பார்த்தபடி நின்றார். விரல் அவசரப்படவில்லை.